கலவைக் குழுவில் கிட்டார் வகுப்பு: மூன்று வருடத்தில் தெரிந்தவை

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் கிட்டார் கற்க வருவோரை வயதுவாரியாகப் பிரித்தால் பெரும்பாலும் பிரிவுக்கு இரண்டு பேர்தான் தேறுவார்கள். அதனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் கல்லூரி மாணவரும் ரிட்டையர் ஆனவரும் ஒரே அறையில் உட்காருகிறார்கள். மூன்று வருடம் இப்படி நடந்த வகுப்புகளைப் பார்த்ததில், வயது வித்தியாசத்தால் வந்த தொல்லை மிகக் குறைவு. தொல்லையெல்லாம் சுருதியிலும் கிட்டாரின் அளவிலும் ஆள் கணக்கிலும்தான்.

ஆள் கணக்கை முதலில் முடித்துவிடலாம். ஒரு மணி நேர வகுப்பில் சுருதி சேர்க்க 10 நிமிடம் போய்விடும். மீதி 50. எட்டுப் பேர் என்றால் தலைக்கு 6 நிமிடம் கிடைக்கும். 14 பேர் என்றால் மூன்றரை. கட்டைவிரல் கழுத்துக்குப் பின்னால் எங்கே இருக்கிறது என்று பார்த்துத் திருத்தவே அந்த நேரம் தீர்ந்துவிடும். எட்டுக்கு மேல் சேர்த்துக்கொண்டே போகும் வகுப்பென்றால் யோசித்துச் சேருங்கள்.

அடுத்து சுருதி. ஃபோன் மைக்கை நம்பும் டியூனர் ஆப் வீட்டுக்குச் சரி. எட்டுப் பேர் ஒன்றாக மீட்டும் அறையில் அதற்குப் பக்கத்து கிட்டார்தான் கேட்கும். தலைப்பகுதியில் கவ்வும் கிளிப் டியூனர் மரத்தின் அதிர்வை எடுப்பதால் அந்தக் குழப்பம் இல்லை. ஆளுக்கு ஒன்று வேண்டும். ஆனால் அது வந்த பிறகும் ஸ்ட்ரிங் அறுவது நிற்காது. பிள்ளை 2ஆம் ஸ்ட்ரிங்கை (கீழே உள்ள மெல்லியது 1, மேலே உள்ள தடித்தது 6) மீட்டிக்கொண்டு பக்கத்திலிருக்கும் 1ஆம் ஸ்ட்ரிங்கின் கீயைத் (முறுக்காணியை) திருகும். டியூனரில் முள் அசையாது. இன்னும் திருகும். பட்டென்று ஒரு சத்தம், கம்பி சுருண்டு முகத்தருகே நிற்கும். திருகுவதற்கு முன் ஸ்ட்ரிங்கை விரலால் தடவியபடியே கீ வரைக்கும் போய்ப் பார்க்கச் சொன்னால் இது பெரும்பாலும் நின்றுவிடும். புது நைலான் ஸ்ட்ரிங் முதல் ஒரு வாரம் இளகிக்கொண்டேதான் இருக்கும். கிட்டார் பழுது என்று கடைக்குத் தூக்க வேண்டாம்.

அண்ணனின் 41 இன்ச் முழு அளவு கிட்டாரோடு 8 வயதுப் பிள்ளை வந்தால் வலது தோள் காது வரை ஏறும். இடது கை முதல் ஃபிரெட்டை (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) எட்ட முழங்கையே மடங்காமல் நீளும். 5 முதல் 7 வயதுக்கு அரை அளவு, 8 முதல் 11 வரை முக்கால் அளவு என்பது பொதுக் கணக்கு. கடையிலேயே உட்கார வைத்து, முதல் ஃபிரெட்டைத் தொடும்போது முழங்கை மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சிறியவர்களுக்கு நைலான்தான் நல்லது. ஒரே ஒரு குறை: நான்கு ஸ்டீல் கிட்டார்களுக்கு நடுவில் அதன் ஓசை அமுங்கும், அதனால் அவர்களை முன்வரிசையில் வைக்க வேண்டும்.

டெல்டாவுக்கே உரிய சங்கடம் ஐப்பசி, கார்த்திகை மழை. ஈரத்தில் மரம் உப்பி, ஸ்ட்ரிங் ஃபிரெட்டை விட்டு மேலே ஏறும். நேற்று வரை வந்த கார்ட் (பல ஸ்ட்ரிங்கைச் சேர்த்து ஒலிக்கும் பிடி) இன்று வலிக்கிறது என்று பிள்ளைகள் சொன்னால் அது சோம்பேறித்தனம் அல்ல. ஸ்டீல் கிட்டார் என்றால் 12ஆம் ஃபிரெட்டில் 6ஆம் ஸ்ட்ரிங்குக்குக் கீழே இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கி நுழையுங்கள். ஏறத்தாழ 3 மி.மீ. வரும். தாராளமாக நுழைந்து இன்னும் இடம் மிச்சமிருந்தால் உயரம் அதிகம், சரிபார்க்கக் கொடுக்கலாம். உறைக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும். நெல் விளையும் ஊராயிற்றே என்று அரிசி மூட்டை போட்டால் வண்டுதான் வரும். நாகப்பட்டினம், காரைக்கால் கடல் காற்றில் ஸ்டீல் ஸ்ட்ரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், அழுக்கு சேர்ந்து ஓசை செத்துவிடும்.

இந்த முறையில் உண்மையிலேயே பலன் தந்தது, ஒரே பாட்டை நான்கு அடுக்காகப் பிரித்துக் கொடுப்பது. ஜி, சி, டி, இ மைனர் என நான்கு கார்ட் உள்ள பாட்டை எடுங்கள். புதியவர் அடிச்சுரம் மட்டும்: ஜி-க்கு 6ஆம் ஸ்ட்ரிங் 3ஆம் ஃபிரெட், சி-க்கு 5ஆம் ஸ்ட்ரிங் 3ஆம் ஃபிரெட், டி-க்கு 4ஆம் ஸ்ட்ரிங் திறந்தபடி, இ-க்கு 6ஆம் ஸ்ட்ரிங் திறந்தபடி. அடுத்தவர் கீழ் மூன்று ஸ்ட்ரிங்கில் (1, 2, 3) சின்ன கார்ட். இ மைனருக்கு விரலே வேண்டாம், ஜி-க்கும் சி-க்கும் ஒரு விரல். டி-யில் மட்டும் மூன்று விரல் வருவதால் அங்கே ஒரு மாதம் திணறுவார்கள். மூன்றாமவர் முழு கார்டோடு கீழ்-கீழ்-மேல்-மேல்-கீழ்-மேல் என்று மீட்டுவார். நான்காமவர் மெட்டு. முதல் நாள் வந்தவரும் அன்றே பாட்டில் இருக்கிறார், இரண்டாம் வாரமும் வருகிறார்.

பாட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு இன்னொரு குறுக்குவழி உண்டு. சரளி வரிசையின் மாயாமாளவகௌளை 1 கட்டையில் (சி சுருதி) அப்படியே கைக்குள் அடங்கும். 5ஆம் ஸ்ட்ரிங் 3, 4ஆம் ஃபிரெட். 4ஆம் ஸ்ட்ரிங் 2, 3. 3ஆம் ஸ்ட்ரிங் திறந்தபடி, பிறகு 1. 2ஆம் ஸ்ட்ரிங் திறந்தபடி, பிறகு 1. காதுக்கு ஏற்கெனவே தெரிந்த வரிசை என்பதால் தப்பு விரல் பட்டதும் பிள்ளையே நிறுத்தித் திருத்தும். கமகத்தை இப்போது தொட வேண்டாம்.

ஒத்துவராதது இரண்டு. கிரேடு தேர்வுக்கு ஆளுக்கொரு பாடம் தேவைப்படும், கலவைக் குழுவில் அதற்கு நேரம் போதாது. ஒரு வருடம் தாண்டியவர்களும் நான்காம் அடுக்கிலேயே தேங்கிவிடுவார்கள். வாரம் 20 நிமிடமாவது அவர்களைத் தனியாக உட்கார வைக்க வேண்டும். அந்த நேரத்தில் எஃப் பாரே கார்டை (ஒரே விரலால் எல்லா ஸ்ட்ரிங்கையும் அழுத்துவது) சொல்லிக் கொடுப்பதாக இருந்தால் மழை மாதத்தில் ஆரம்பிக்காமல் தைக்குத் தள்ளிப் போடுங்கள். ஸ்ட்ரிங் உயர்ந்து நிற்கும் கிட்டாரில் பாரே பிடிக்கக் கேட்டால் பெரியவர்களே கையை உதறிக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள்.