எர்த் எங்கே? ஸ்பீட்ஸ்டர் ரெப்ளிகாவோடு ஏழு வருடம்

போன வாரம் நண்பன் ஒருவன் போன் செய்தான். ஒரு ஸ்பீட்ஸ்டர் ரெப்ளிகா, அதாவது பழைய போர்ஷே ஒன்றின் நகல் கார், அவன் கண்ணில் பட்டிருக்கிறது, விலையும் இறங்கியிருக்கிறதாம். "நீதான் ஏழு வருஷமா வெச்சிருக்கே, வேலையும் நீயே பார்க்கிறே. வாங்கலாமா? ஒரே வார்த்தையில சொல்லு" என்றான். கேட்ட நேரம் சரியில்லை. நான் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். நெஞ்சின் மேல் மல்டிமீட்டர், கையெல்லாம் கிரீஸ், போனை எடுத்ததே முழங்கையால். அப்போது வாயில் வந்த அந்த ஒரு வார்த்தையை எழுத முடியாது. "அப்புறம் எழுதுறேன்டா" என்று வைத்துவிட்டேன். இது அந்த அப்புறம்.

வண்டியைப் பற்றி அவனுக்கே தெரியும், அதனால் சுருக்கமாக. அசல், 1954-இல் வந்த போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டர். என்னுடையது பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் சேசிஸை (அடிச்சட்டத்தை) வெட்டி ஒட்டி, மேலே ஃபைபர் பாடியைக் கவிழ்த்தது. பின்னால் 1600 சிசி காற்றுக்குளிர் இன்ஜின். பீட்டிலின் வீல்பேஸ், அதாவது முன் பின் சக்கரங்களுக்கு நடுவிலுள்ள தூரம், 2400 மி.மீ., 356-க்கு 2100. நடுவில் 30 சென்டிமீட்டரை அறுத்து எடுத்தால்தான் அந்த உருவம் வரும். "போலிதானே?" என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: 1948-இல் முதல் 356-ஐச் செய்தபோது ஃபெர்ரி போர்ஷே கைவைத்ததும் பீட்டிலின் பாகங்களில்தான். அப்பா வடிவமைத்த காரிலிருந்து மகன் எடுத்துக்கொண்டார். என் வண்டியும் அதே குடும்பம்தான், கொஞ்சம் தூரத்து உறவு.

சரி, எர்த்துக்கு, அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழிக்கு வருகிறேன். ஏழு வருடத்தில் என் பொழுதைத் தின்றதில் பாதிக்கு மேல் இந்த ஒன்றுதான்.

இரும்பு பாடி வண்டியில் பல்புக்கு ஒரு ஒயர் போனால் போதும். திரும்பி வருவதற்குப் பாடியே இருக்கிறது, முழு வண்டியும் ஒரு பெரிய ஒயர். ஃபைபர் பாடியில் அது கிடையாது. பிளாஸ்டிக் வாளியில் பல்பைத் திருகின மாதிரிதான். ஒவ்வொரு விளக்குக்கும், ஹாரனுக்கும், மீட்டருக்கும் திரும்பி வர தனியாக ஒரு ஒயர் சேசிஸ் வரைக்கும் இழுக்க வேண்டும். என் வண்டியைக் கட்டியவர் அப்படி இழுக்கவில்லை. ஒரு பல்பிலிருந்து அடுத்த பல்புக்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு என்று பூத்தொடுப்பதுபோல் கோர்த்துக்கொண்டே போய், எல்லாவற்றையும் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரே ஸ்க்ரூவில் சொருகிவிட்டார். ஜெர்மன் வண்டிகளில் எர்த் என்றால் பழுப்பு ஒயர். இதில் ஒரு இடத்தில் பச்சை, ஒரு இடத்தில் மஞ்சள், பின்விளக்கில் சிவப்பு. அன்றைக்குக் கைக்கு எட்டியது எதுவோ அது.

இதன் பலன் என்ன? பிரேக்கை மிதித்தால் இடது இண்டிகேட்டர் மங்கலாகக் கண் விழிக்கும். ஹெட்லைட்டைப் போட்டால் கால் டேங்க் பெட்ரோல் காணாமல் போகும், அணைத்தால் திரும்பி வந்துவிடும். பெட்ரோல் மீட்டரின் சென்சாரும் ஹெட்லைட்டும் ஒரே எர்த்தைப் பங்குபோட்டுக்கொண்டதுதான் காரணம். அது தெரிவதற்குள் டேங்கைத் திறந்து மிதவையை இரண்டு தடவை மாற்றிவிட்டேன்.

நான் முதல் இரண்டு வருடம் செய்த தவறு இது. மல்டிமீட்டரை ஓம்ஸில் (தடையை அளக்கும் நிலையில்) வைத்து எர்த் ஒயரைப் பார்ப்பேன், சைபர் காட்டும், நன்றாக இருக்கிறது என்று மூடிவிடுவேன். ஓம்ஸில் மீட்டர் அனுப்புவது துளி கரண்ட். ஒயருக்குள் முப்பது இழை அறுந்து ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் அது சைபர்தான் காட்டும். விளக்கு எரியும்போது பார்க்க வேண்டும். மீட்டரை வோல்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ்விலும் மற்றொன்றை பல்பு ஹோல்டரின் எர்த்திலும் வைத்தால், 0.2 வோல்டுக்குள் இருந்தால் நல்லது. வலது ஹெட்லைட்டில் எனக்கு 2.8 வந்தது. பன்னிரண்டில் கிட்டத்தட்ட மூன்று வோல்ட் வரும் வழியிலேயே கரைகிறது. அந்த விளக்கு அகல் மாதிரி எரிந்ததற்கு பல்பைக் குறை சொல்லி மூன்று பல்பு மாற்றியிருந்தேன்.

அதையெல்லாம் சரிசெய்தாகிவிட்டது, இனி நிம்மதி என்று இருந்தபோதுதான் இந்தக் கடைசி மூன்று வாரக் கூத்து. ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்ற ஆரம்பித்தது. பேட்டரி நன்றாக இருந்தது. ஸ்டார்ட்டரைக் கழற்றினேன். அதன் மேல்பக்க போல்ட்டே இன்ஜினைப் பிடிக்கும் நான்கு போல்ட்டில் ஒன்று, அதைக் கழற்றியவர்களுக்குத் தெரியும், கை நுழையாத இடத்தில் விரல் நுனியால் நட்டைத் தேட வேண்டும். சுத்தம் செய்து பூட்டினேன், அதே சோம்பல். இதற்கு நடுவே ஆக்சிலரேட்டரும் கனக்கத் தொடங்கியது. இரண்டும் இரண்டு தனித்தனி பிரச்சினை என்று நினைத்துக்கொண்டு, கேபிளுக்கு கிரீஸ் போட்டேன்.

ஒரு நாள் சாயங்காலம், ஐந்தாறு முறை ஸ்டார்ட் செய்து பார்த்தும் பிடிக்காமல், பின்னால் போய் கார்புரேட்டர் பக்கம் ஆக்சிலரேட்டர் கேபிளைத் தொட்டேன். சுட்டது. இன்ஜின் ஓடவே இல்லை, குளிர்ந்து கிடக்கிறது. கேபிள் மட்டும் சுடுகிறது. ஒரு நிமிடம் அப்படியே நின்றேன்.

பீட்டிலின் இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுன்டிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ரப்பர் கரண்டை விடாது. சேசிஸோடு அவற்றை மின்சாரரீதியாக இணைப்பது கியர்பாக்ஸின் மூக்கிலிருந்து வரும், செப்பு இழைகளைப் பின்னிச் செய்த ஒரே ஒரு பட்டை. அது கைவிட்டால் ஸ்டார்ட்டர் இழுக்கும் நூறு ஆம்பியருக்கு மேலான கரண்ட் சும்மா இருக்காது, இன்ஜினையும் முன்பக்கத்தையும் இணைக்கும் எந்த உலோகமாவது கிடைக்கிறதா என்று பார்க்கும். கிடைத்தது ஆக்சிலரேட்டர் கேபிள், அப்புறம் கிளட்ச் கேபிள். சைக்கிள் பிரேக் ஒயர் போன்ற ஒரு கம்பி வழியாக நான் ஒரு இன்ஜினையே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். கேபிள் உள்ளுக்குள் வெந்துதான் கனத்தது. கிரீஸ் போட்டால் என்ன ஆகும்?

அடியில் போய்ப் பார்த்தால் பட்டை பளபளவென்று இருக்கிறது. போல்ட்டும் இறுக்கம். கழற்றினேன். பட்டை உட்கார்ந்த இடத்தில் கெட்டியான கருப்பு பெயின்ட். சேசிஸுக்கு பெயின்ட் அடித்துவிட்டு, அதைச் சுரண்டாமல் அதன் மேலேயே பட்டையை வைத்து போல்ட் போட்டிருக்கிறார்கள். இத்தனை வருடமும் கரண்ட் போனது போல்ட்டின் மரை வழியாக மட்டும். இப்போது மரையில் துரு ஏறியதும் அதுவும் அடைத்துக்கொண்டது. பிளேடால் சுரண்டி, எமரி தேய்த்து, வெள்ளை இரும்பு தெரிந்த பிறகு நட்சத்திர வாஷர் வைத்துப் பூட்டி, மேலே கிரீஸ் தடவினேன். மொத்த வேலையும் பத்து நிமிடம். ஸ்டார்ட்டர் சுற்றும்போது கியர்பாக்ஸுக்கும் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் நடுவே நான்கு வோல்ட் காட்டிய மீட்டர் 0.15-க்கு வந்தது. காரணமே இல்லாமல் மூன்று தடவை அணைத்து அணைத்து ஸ்டார்ட் செய்தேன்.

கோபம் இன்னும் ஆறவில்லை, ஆனாலும் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். இந்த வண்டியைக் கட்டியவரின் கை சாதாரணக் கை இல்லை. கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மேலிருந்து கீழ் வரை ஒரே அளவு. ஏழு வருடத்தில் பாடியில் ஒரு மயிரிழை வெடிப்பு இல்லை. பின்பக்கத்து வளைவில் வெளிச்சம் விழுந்தால் எங்கேயும் அலையடிக்காது. இவ்வளவு பொறுமை உள்ள மனிதருக்கு அந்த மூன்று விரல்கடை பெயின்டைச் சுரண்டப் பொறுமை எங்கே போயிற்று? கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒரு ஆள், தெரியாத இடத்தில் வேறொரு ஆள் வேலை பார்த்தது போலிருக்கிறது.

சூடும் இதே கதைதான். காற்றுக்குளிர் இன்ஜினைச் சுற்றியிருக்கும் தகரம் அலங்காரத்துக்கு இல்லை. ஃபேன் மேலிருந்து காற்றை இழுத்து சிலிண்டர்களின் மேல் தள்ளும், சூடான காற்று அடியில் போய்விட வேண்டும், மறுபடி மேலே வரக்கூடாது. அதற்காகத்தான் பீட்டிலில் தகரத்துக்கும் பாடிக்கும் நடுவே சுற்றிலும் ரப்பர். ரெப்ளிகாவின் பாடி அந்த ஓரத்தில் பீட்டிலின் அளவில் இல்லை. என் வண்டியில் வலப்பக்கம் இரண்டு விரல் நுழையும் அளவுக்குச் சந்து. இன்ஜின் தான் விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. அலுமினியத் தகடை வளைத்து, ரப்பர் ஒட்டி அடைத்தேன். நீண்ட ஏற்றங்களில் 120 டிகிரியைத் தாண்டிய ஆயில் சூடு இப்போது 105 பக்கத்தில் நின்றுவிடுகிறது.

இனி இன்ஜின். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் குரலே மாறிவிடும் என்று வீட்டில் சொல்வார்கள்.

நான் 5000 கி.மீ.க்கு ஒருமுறை வால்வ் இடைவெளி பார்ப்பேன், அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் கைக்கும் நடுவிலுள்ள சந்து. இரவு முழுக்க ஆறிய இன்ஜினில், விடிந்தும் விடியாமல். வால்வ் மூடியைப் பிடித்திருப்பது ஒரு வளைந்த கம்பிதான், ஸ்க்ரூடிரைவரால் கீழே நெம்பினால் மூடி கையோடு வந்துவிடும். வேண்டியது 13 நம்பர் ஸ்பானர், அந்த ஸ்க்ரூடிரைவர், 0.15 மி.மீ. ஃபீலர் கேஜ் (சந்தை அளக்கும் மெல்லிய தகடு). முதல் சிலிண்டரின் பிஸ்டனை மேலே கொண்டுவந்து அதன் இரண்டு வால்வையும் பார்த்துவிட்டு, புல்லியை இடப்பக்கமாக அரைச் சுற்று திருப்பினால் இரண்டாவது சிலிண்டர். இன்னொரு அரைச் சுற்றுக்கு மூன்று, அப்புறம் நான்கு. சிலிண்டர்களில் பெட்ரோல் பற்றும் வரிசை 1-4-3-2, பின்னோக்கித் திருப்பினால் 1-2-3-4 என்று தானாக வந்து நிற்கிறது. முதன்முதலில் இது புரிந்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே கொஞ்சம் திரும்பிவிடும், அதனால் இறுக்கிய பிறகு இன்னொரு தடவை கேஜை விட்டுப் பார்க்க வேண்டும். மூடிய புத்தகத்தின் நடுவிலிருந்து விசிட்டிங் கார்டை இழுப்பது போன்ற லேசான பிடிப்பு இருந்தால் சரி. இந்த இன்ஜினில் டிக்டிக் என்று சத்தம் போடுகிற வால்வைப் பற்றிப் பயமில்லை. சத்தம் நின்றுபோன வால்வைத்தான் பார்க்க வேண்டும். இடைவெளி சுருங்கினால் வால்வ் முழுசாக மூடாது, தன் சூட்டை இறக்கிவைக்க இடமில்லாமல் எரிந்துபோகும். அதிலும் மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வ், புகை வெளியேறும் வால்வ். பழைய ஃபேன் மூடியில் ஆயில் கூலர் அந்தச் சிலிண்டருக்கு வரும் காற்றை மறித்துக்கொண்டிருக்கும். ஒரு நோட்டில் எட்டு வால்வுக்கும் ஒவ்வொரு முறையும் கிடைத்த அளவை எழுதி வைத்திருக்கிறேன். ஒரே வால்வ் திரும்பத் திரும்ப இறுகிக்கொண்டே வந்தால் அது நீள்கிறது என்று அர்த்தம், உடைவதற்கு முன் தரும் ஒரே எச்சரிக்கை அதுதான். என் மூன்றாம் நம்பர் இதுவரை ஒழுங்காக இருக்கிறது.

ஆயில் மாற்றுவதும் இரண்டரை லிட்டர் வேலைதான். ஃபில்டர் கிடையாது, ஒரு வலைச் சல்லடை, ஆறு சின்ன நட்டுகள். அடுத்தவரைத் திட்டிக்கொண்டிருக்கும் நானே முதல் வருடம் அந்த நட்டு ஒன்றைப் பலம் கொடுத்து இறுக்கி மரையைச் சாப்பிட்டவன். அதற்கு 7 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும், இரண்டு விரல் பலம். பின்சக்கர நட்டுக்கோ 36 நம்பர் சாக்கெட்டும், கிட்டத்தட்ட 300 நியூட்டன் மீட்டரும், ஸ்பானரில் சொருக நீண்ட பைப்பும் வேண்டும். ஒரே வண்டியில் இந்த இரண்டும்.

மற்றவை சுருக்கமாக. மழையில் ஒழுகும். கூரையைப் பற்றிக் கேட்காதே. உதிரிபாகம் கேட்டால் "என்ன வண்டி, எந்த வருஷம், சார்?" என்பார்கள், பதில் இல்லை, முன் பிரேக் ஒரு வருடத்தது, கியர்பாக்ஸ் இன்னொரு வருடத்தது. சேசிஸை வெட்டியதால் கிளட்ச் கேபிள் பீட்டிலினுடையது அப்படியே பொருந்தாது, அளவு கொடுத்துச் செய்ய வேண்டும். ஜாக்கைப் பாடியின் ஓரத்தில் வைத்துவிடாதே, நொறுங்கும். சேசிஸில்தான் வைக்க வேண்டும், ஸ்டாண்ட் இல்லாமல் அடியில் போகாதே. கார்புரேட்டருக்கு வரும் பெட்ரோல் ஹோஸை வருடம் ஒருமுறை மாற்று, கிளிப் போடு. இந்த இன்ஜின்கள் தீப்பிடிப்பது பெரும்பாலும் அந்த ஒரு ஜாண் ரப்பரால், ஃபைபர் பாடி எரிய ஆரம்பித்தால் நிற்காது. தீயணைப்பான் என் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஆக, பதில்: வாங்காதே. இன்ஜினைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இப்படிச் சொல்கிறானே என்று நினைப்பாய். மூன்று ஞாயிற்றுக்கிழமை போச்சுடா. அடுத்த மாதம் வால்வ் பார்த்து முடித்த கையோடு கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். நீ இப்போது கேட்டாய்.

சொன்னால் கேட்கமாட்டாய், போய்ப் பார்க்கத்தான் போகிறாய் என்று தெரியும். போகும்போது ஒரு மல்டிமீட்டரையும், நீளமான ஒயர் ஒன்றையும் எடுத்துக்கொண்டு போ. ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்வில் வை, மறுமுனையை கியர்பாக்ஸின் வெற்று உலோகத்தில் அழுத்திப் பிடி, விற்பவரை ஸ்டார்ட் செய்யச் சொல். அரை வோல்டுக்கு மேல் காட்டினால் கேபிள்களைத் தொட்டுப் பார். நான் வாங்கப் போன அன்று இதெல்லாம் செய்யவில்லை. பின்பக்கத்து வளைவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.