வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு: பெல்ட்டா, வாக்கிங்கா, யோகாவா, ஜிம்மா?

பித்தப்பைக் கல்லோ, குடலிறக்கமோ, கர்ப்பப்பையோ, எதற்காக வயிற்றில் கத்தி பட்டிருந்தாலும் வீட்டுக்கு வந்த மறு வாரமே தொப்பையையும் எடையையும் குறைக்க ஆளுக்கொரு வழி சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் வடசென்னையில், தண்டையார்பேட்டை பக்கம் உடம்பு விசாரிக்க வருகிற சொந்தம், ஆப்பிளையும் ஹார்லிக்ஸையும் வைத்த கையோடு தொடங்கும்: “பெல்ட் போட்டுக்கோ, வயிறு தன்னால உள்ள போய்டும்.” பக்கத்து வீட்டு அக்கா, “காலைல பார்க்குல நாலு ரவுண்டு போடு, போதும்” என்பார். படித்த தம்பி யோகா என்பான். ஜிம் என்று வாயைத் திறந்தால் மட்டும் மொத்த வீடும் ஒரே குரலில் “ஐயய்யோ!”

நாலையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஊர் சொல்கிற இந்த வரிசை எனக்குச் சரியாகப் படவில்லை. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: எதைச் செய்தால் வயிற்றுக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது? மேல்தோல் இரண்டு வாரத்தில் ஒட்டிவிடும். அதற்குக் கீழே வயிற்றைக் கட்டிப் பிடித்திருக்கிற கெட்டியான சவ்வு அவ்வளவு சீக்கிரம் தேறாது. ஆறு வாரத்தில் அதற்குப் பழைய பலத்தில் ஏறக்குறைய பாதிதான் வந்திருக்கும். முழுப் பலம் திரும்புவதே இல்லை, 80 சதவீதம் வந்தால் அதிகம். இருமல், முக்கல், மூச்சை அடக்கித் தூக்கும் பாரம் எல்லாம் அந்த இடத்தைத்தான் உள்ளிருந்து தள்ளும். அது விட்டுக்கொடுத்தால் தழும்பு வழியாகவே குடல் பிதுங்கும். அதற்கு இன்னொரு ஆபரேஷன்.

லேப்ராஸ்கோப்பி, அதாவது சின்ன ஓட்டை வழியாக ஆபரேஷன், செய்தவர்களுக்குத்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓப்பன் ஆபரேஷன் ஆனவருக்கு நீளத் தையலே காவல், பயத்தில் அடங்கி இருப்பார். மூணு சின்ன ஓட்டை போட்டவர் பத்தாம் நாளே பைக்கை உதைக்கிறார். கர்ப்பப்பையை ஓட்டை வழியாக எடுத்தாலும் உள்ளே போட்ட தையல் தையல்தான். பாரம் தூக்குவதில் ஆறு முதல் எட்டு வாரக் கட்டுப்பாடு அவருக்கும் உண்டு.

பெல்ட்டா, பழைய புடவையா?

பெல்ட் கொழுப்பைக் கரைக்காது. கழற்றியதும் வயிறு பழைய இடத்துக்கே வரும். ஆனால் முதல் சில வாரங்களில் எழுந்து நடக்கவும், இருமும்போது வலி குறையவும் நன்றாகவே உதவும். பாட்டிமார் இறுக்கிச் சுற்றுகிற பருத்திப் புடவையும் இதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் நம்மூர் புழுக்கத்தில் வியர்வை தையலிலேயே ஊறும், இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கவும் தோதில்லை. என் ஓட்டு பெல்ட்டுக்கு. நடக்கும்போது போடலாம், படுக்கும்போது கழற்றலாம், வலி குறையக் குறைய விட்டுவிடலாம். ஆறாவது மாதத்திலும் கல்யாண வீட்டுக்குப் புடவைக்குள் கட்டிக்கொண்டு போவதெல்லாம் அழகுக் கணக்கு, வைத்தியக் கணக்கில் வராது.

பூங்காவா, பீச் ரோடா, மொட்டை மாடியா?

நடை வேண்டுமா என்பதில் சண்டையே இல்லை. ஆஸ்பத்திரியிலேயே நடக்க வைத்துவிடுவார்கள். காலில் ரத்தம் கட்டாமல் இருக்கவும், குடல் மறுபடி வேலையைத் தொடங்கவும் நடைதான் மருந்து. எங்கே நடப்பது என்பதுதான் கேள்வி.

திருவொற்றியூர் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கடல்காற்று ஆசை இருக்கும். ஆனால் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி கிளப்பும் புழுதி ஒரு பக்கம், காற்று திரும்பினால் மணலி சுத்திகரிப்பு ஆலையின் நெடி இன்னொரு பக்கம். ஒரு இருமல் வந்தால் போதும், தையல் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். (இருமல் வந்தே தீரும் என்றால் தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமுங்கள்.) மணலில் நடை முதல் இரண்டு மாதம் வேண்டாம், கால் புதையும்போது இடுப்பு தடுமாறும்.

ராயபுரத்துக்காரர்களுக்கு ராபின்சன் பூங்கா இருக்கிறது, 1949இல் கொட்டும் மழையில் திமுகவின் முதல் பொதுக்கூட்டம் நடந்த அதே இடம். பெரம்பூருக்கு முரசொலி மாறன் பூங்கா. சமதரை, நிழல், களைத்தால் உட்கார பெஞ்சு. முதல் பத்து நாளுக்கு மட்டும் நான் மொட்டை மாடியைக்கூடச் சொல்ல மாட்டேன், மாடிப்படி ஏறுவதே தனி வேலை. வீட்டுக்குள்ளேயே வாசலுக்கும் அடுக்களைக்கும் அஞ்சு அஞ்சு நிமிஷமாக ஒரு நாளைக்கு ஆறு தடவை நடந்தால் அரை மணி நேரம் ஆகிவிடும்.

எடை குறைய அது போதாது. 70 கிலோ ஆள் அரை மணி நேரம் நடந்தால் செலவாவது சுமார் 120 கலோரி. நடந்து முடித்துக் கடையில் ஒரு டீ, ரெண்டு பிஸ்கட் சாப்பிட்டால் கணக்கு நேர்.

பத்தியமா, ஆட்டுக்கால் சூப்பா?

ஒரு கட்சி “முட்டை, மீன் சாப்பிட்டா சீழ் பிடிக்கும்” என்று ரசம் சாதத்தில் நிறுத்தும். இன்னொரு கட்சி சூப்பும் பாலும் பிரெட்டுமாக ஊட்டியே தள்ளும். இரண்டிலும் தொப்பைதான் மிஞ்சும். புண் ஆற புரதம் வேண்டும். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் கூப்பிடு தூரத்தில் இருக்க மீனை விலக்குவது எனக்குப் புரியவே இல்லை. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு செய்து கொடுத்த ஊர் இது. ஜீரணம் சரியாக இருந்து, டாக்டர் தனியாக எதையும் தடுக்கவில்லை என்றால் மீன், முட்டை, பருப்பு தாராளமாகச் சாப்பிடலாம். முக்காமல் மலம் போக கீரை, பழம், தண்ணீர். சோற்றைக் குறைப்பது, வண்ணாரப்பேட்டை அத்தோ, பேஜோ மாதிரி பர்மா தீனிகளைத் தள்ளிவைப்பது எல்லாம் காயம் ஆறிய பிறகு. அப்போதும் வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் நல்ல வேகம்.

யோகாவா, ஜிம்மா?

ஊரோடு நான் மோதுவது இங்கேதான். யோகா மெத்தென்றது, ஜிம் முரட்டுத்தனம் என்று ஒரு நினைப்பு. சூரிய நமஸ்காரத்தில் உடம்பு முழுதும் கையில் நிற்கிற இடத்தையும், குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கும் புஜங்காசனத்தில் தழும்பு இழுபடுவதையும் யோசித்துப் பாருங்கள். உட்கார்ந்து முதுகைச் சாய்த்துக் காலைப் படகு மாதிரி தூக்கி நிறுத்தும் நாவாசனம் என்பது சிட்-அப்பின் அண்ணன். கபாலபாதியில் வேகமாக வெளியே தள்ளும் ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு வெடுக்கென்று உள்ளே இழுபடும். இவற்றோடு ஒப்பிட்டால், உட்கார்ந்தபடி ரெண்டு கிலோ டம்பெல்லை மூச்சை விட்டுக்கொண்டே தூக்குவது எவ்வளவோ சாது.

அந்த ரெண்டு கிலோவுக்கு “ஐயய்யோ” போடும் அதே வீட்டில்தான் மூணாவது வாரம் கேன் தண்ணியை ஸ்டாண்டில் கவிழ்க்க ஆளைக் கூப்பிடுவார்கள். கேன் 20 லிட்டர், அதாவது 20 கிலோ. லாரித் தண்ணிக் குடம் 15 கிலோவுக்குக் குறையாது. நிரம்பின கேஸ் சிலிண்டர் 30 கிலோவைத் தொடும். வீட்டு வேலையை யாரும் வெயிட் லிஃப்டிங்கில் சேர்ப்பதில்லை.

முதல் மூணு மாதத்துக்கு யோகா, ஜிம் இரண்டுமே வேண்டாம் என்பது என் தீர்ப்பு. அந்த இடத்தில் பிசியோதெரபிதான் சரி. ஸ்டான்லி போன்ற அரசு ஆஸ்பத்திரியில் செலவில்லாமல் கிடைக்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோ சேவையும் உண்டு, உங்களுக்குப் பொருந்துமா என்று பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லித் தருவது பார்க்கச் சின்ன விஷயமாக இருக்கும்: படுக்கையிலிருந்து நேராக எழாமல் ஒருக்களித்து, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழுவது, முழங்காலை மடக்கிப் படுத்து, மூச்சை விடும்போது தொப்புளை மெல்ல உள்ளே இழுப்பது. இழந்த கட்டுப்பாடு அங்கேதான் திரும்புகிறது.

மூணு மாதம் தாண்டி, ஆபரேஷன் செய்த டாக்டரும் சரி என்ற பிறகு, எடை குறைக்க யோகாவைவிட ஜிம்முக்குத்தான் என் ஓட்டு. படுக்கையில் கரைந்த தசை நடையால் மட்டும் திரும்பாது, பாரம் வேண்டும். சர்க்கரை இருக்கிறவர்களுக்கும் ஐம்பது தாண்டிய பெண்களுக்கும் இது இன்னும் அவசியம். யோகாதான் பிடிக்கும் என்றால் மூச்சுப் பயிற்சி, பூனை ஆசனம் மாதிரியானவற்றில் தொடங்குங்கள்.

சேருவதற்கு முன் வீட்டில் ஒரு சோதனை. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கித் தலையை மட்டும் லேசாகத் தூக்குங்கள். வயிற்றின் நடுவிலோ தழும்பிலோ கூம்பாக ஏதாவது எழும்பினால் ஜிம்முக்கு முன் டாக்டர். காய்ச்சல், தையலில் சிவப்பு அல்லது சீழ், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

எதுவும் இல்லையென்றால் முதல் நாளே டிரெய்னரிடம் ஆபரேஷனைச் சொல்லி, படுத்து வயிற்றை மடக்கி எழும் க்ரஞ்ச், படுத்துக் காலைத் தூக்கும் லெக் ரெய்ஸ், தரையிலிருந்து பாரம் தூக்கும் கனமான டெட்லிஃப்ட் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாக்சிங் ஊறின ஏரியா இது. இடுப்பைத் திருப்பி விடுகிற குத்து கடைசியில்தான் வர வேண்டும். “அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுண்ணா, பெல்ட் கட்டிக்கினு தூக்கு” என்று சொல்கிற டிரெய்னராக இருந்தால் வேறு ஜிம் பாருங்கள்.