கல்லடித் தூண்டில் கடை: முள்ளும் தங்கூசியும் நல்லம், றீல் வேண்டாம்

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட இருக்கிற சின்னக் கடை. தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்), ஈயம், மிதப்பு எல்லாம் நியாய விலை. தங்கூசியை ஒரு முழம் இழுத்து, முடிச்சுப் போட்டு, வெடுக்கென்று சுண்டிக் காட்டிவிட்டுத்தான் கடைக்காரர் காசு வாங்குவார்.

வாவியில் இப்போது என்ன மீன் படுகிறது என்று யாரையும் கேட்கத் தேவையில்லை, இவருடைய முள் டப்பாக்களைப் பார்த்தால் போதும். கொடுவாவுக்கான பெரிய முள்கள் தூசு பிடித்துக் கிடக்கின்றன, திலாப்பியாவுக்கான சின்ன முள் வந்த வேகத்தில் முடிகிறது. "முந்தி இதுக்கு ஆர் தம்பி தூண்டில் போட்டது?" என்று சிரிக்கிறார். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்து குளங்களில் விட்ட மீன், உவர்நீரையும் தாங்கும், அதனால் வாவியிலும் பெருகிவிட்டது. செத்தல் மீன் குறைந்ததற்கும் அதுதான் காரணம் என்று கடைவாசலில் நிற்கிறவர்கள் அடித்துச் சொல்கிறார்கள், எனக்கென்னவோ சின்னக் கண்ணறை வலையையும் சேர்த்துத்தான் திட்ட வேண்டும்போல இருக்கிறது. கொடுவா கதை வேறு, அது முட்டையிடக் கடலளவு உப்புள்ள நீர் வேண்டும், வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் அடைபட்டுக் கிடந்தால் குஞ்சு வாவிக்குள் வராது.

சரி, குறை? மலிவு றீல் வாங்காதீர்கள், உப்புக்காற்றில் கைபிடி சீக்கிரமே இறுகிவிட்டது. மாற்றித் தரவும் மாட்டார். உயிர் இறால் வேண்டுமென்றால் முதல்நாளே சொல்லிவையுங்கள், ஞாயிறு விடியவே முடிந்துவிடும்.