கால் அறுவைக்கு எபிடியூரல்: லிக்னோகெய்னா, பூபிவகெய்னா, ரோபிவகெய்னா?

புதுச்சேரி–கடலூர் சாலையில் வண்டி சறுக்கிக் கணுக்கால் முறிந்தவர், பண்ருட்டிப் பக்கம் பலா மரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு உடைந்தவர், சர்க்கரைப் புண்ணைச் சுத்தம் செய்ய வந்தவர். மூவருக்கும் கால் மரக்க எபிடியூரல்தான்: இடுப்பு முதுகில், தண்டுவட உறைக்கு வெளியே, கேதீட்டர் என்னும் மெல்லிய குழாய் போகிறது; உள்ளே விடும் மருந்து ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கீழே உள்ள உச்ச அளவுகள் எல்லாம் 50 கிலோ நோயாளிக்கு. முதியவருக்கும் உடல் தளர்ந்தவருக்கும் இதிலும் குறைக்க வேண்டும்.

அட்ரினலின் கலந்த 2% லிக்னோகெய்ன் 10–15 நிமிடத்தில் பிடிக்கும். ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் நிற்கும். கிலோவுக்கு 7 மி.கி. என்றால் 350 மி.கி., அதாவது 17 மி.லி. தான் எல்லை. கம்பி எடுப்பது, புண் சுத்தம் செய்வது போன்ற சின்ன வேலைக்கு இதைவிடத் தோதான மருந்து இல்லை. இரண்டு மணியைத் தாண்டினால் தொல்லைதான்: டாப்-அப் (கேதீட்டர் வழியே மறுபடி விடும் மருந்து) போடப்போட அதே அளவு குறைந்த நேரமே வேலை செய்யும்.

தொழிற்சாலையிலேயே அட்ரினலின் கலந்து வரும் மருந்துக் குப்பியில் அமிலத்தன்மை அதிகம், அதனால் பிடிக்கத் தாமதம். 10 மி.லி.க்கு 1 மி.லி. சோடாபைகார்ப் சேர்த்தால் சுறுசுறுப்பாகும். இந்த வித்தையைப் பூபிவகெய்னிலும் ரோபிவகெய்னிலும் காட்டக் கூடாது. சிரிஞ்சுக்குள்ளேயே வெள்ளையாகத் திரிந்து படியும். அட்ரினலினைத் தனியாகக் கலப்பதானால் 20 மி.லி.க்கு 1:1000 மருந்தில் 0.1 மி.லி. போதும். அதை இன்சுலின் சிரிஞ்சில் இழுக்கும்போது சிரிஞ்சின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். 40 யூனிட் சிரிஞ்சில் 0.1 மி.லி. என்பது 4 கோடு; 100 யூனிட் சிரிஞ்சில் 10 கோடு. பழக்க தோஷத்தில் 40 யூனிட் சிரிஞ்சில் 10 கோடு இழுத்தால் இரண்டரை மடங்கு போய்விடும்.

0.5% பூபிவகெய்ன்தான் நமது சாம்பார். எல்லா இடத்திலும் இருக்கும், விலை மலிவு, பிடிக்க 15–20 நிமிடம், இரண்டு முதல் நான்கு மணி நேரம் நிற்கும். கிலோவுக்கு 2 மி.கி. வீதம் 100 மி.கி., அதாவது 20 மி.லி. எல்லை. தசை நன்றாகத் தளர்வதால் தொடை எலும்பை இழுத்துப் பொருத்தும் சர்ஜனுக்கும் இது பிடிக்கும்.

குறை இதயத்தில். ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால் இதயத்தின் சோடியம் வாயில்களில் ஒட்டிக்கொண்டு எளிதில் விடாது. இதய மசாஜ் செய்தும் மீட்பது கடினம். 20% லிப்பிட் (கொழுப்புப் பால்மம்) கிலோவுக்கு 1.5 மி.லி., அதாவது 75 மி.லி. உடனே போக வேண்டும். அந்தப் பாட்டில் தியேட்டர் அலமாரியிலேயே இருக்கட்டும், மருந்துக் கடைக்கு ஆளனுப்ப நேரம் இருக்காது. இன்னொன்று, 4 மி.லி. ‘ஹெவி’ ஆம்பூல் தண்டுவட நீருக்குள் நேராகப் போடும் ஸ்பைனலுக்கானது, டெக்ஸ்ட்ரோஸ் கலந்தது. எபிடியூரலுக்கு அதை உடைக்காதீர்கள். பலமுறை எடுக்கும் குப்பிகளில் மெதில்பாராபென் என்ற பதப்பொருள் இருக்கும். பதப்பொருள் இல்லாதது என்று லேபிளில் படித்த பிறகே எடுக்க வேண்டும்.

கணுக்கால் அறுவையில் எந்த மருந்தும் ஒருமுறை ஏமாற்றும். பாதத்துக்குப் போகும் ஐந்தாம் இடுப்பு நரம்பும் முதல் திரிக நரம்பும் தடிமன், மருந்து ஊறத் தாமதமாகும். முழங்கால் மரக்கட்டையாகிவிட்டதே என்று கத்தியைக் கையில் கொடுத்தால், பாதத்தின் வெளிவிளிம்பில் நோயாளி துள்ளுவார். சுண்டுவிரல் ஓரத்தில் ஊசி குத்திப் பார்த்த பிறகுதான் டூர்னிக்கே (ரத்த ஓட்டத்தை நிறுத்தும் பட்டை) கட்டவே சொல்ல வேண்டும். அரை மணி கழிந்தும் அங்கே உணர்ச்சி இருந்தால் 2% லிக்னோகெய்ன் கொஞ்சம் ஏற்றலாம். ஆனால் இரண்டு மருந்தின் நச்சும் கூடும்: பூபிவகெய்ன் 15 மி.லி. போயிருந்தால் எல்லையில் முக்கால் பங்கு தீர்ந்தது. மிச்சக் கால் பங்குக்கு 4 மி.லி. லிக்னோகெய்ன்தான் இடம்.

0.75% ரோபிவகெய்ன் 15–20 மி.லி.; எல்லை கிலோவுக்கு 3 மி.கி. என்று வைத்தால் அதே 20 மி.லி. பிடிக்கும் நேரம் பூபிவகெய்னை ஒட்டியே. இதயத்துக்குக் கொஞ்சம் பாதுகாப்பு. தசைத் தளர்ச்சி கொஞ்சம் குறைவு. அந்தக் குறைவுதான் இதன் பெருமையாகச் சொல்லப்படுகிறது. மேசையில் அது பெருமையே இல்லை, எலும்பு பொருந்த மறுக்கும்போது சர்ஜனின் முகத்தைப் பார்த்தால் தெரியும். கூடுதல் காசுக்கு மதிப்பு வார்டில்தான்: முழங்கால் மாற்று முடிந்தபின் 0.2% மருந்தை மணிக்கு 5–8 மி.லி. ஓடவிட்டால் வலி அடங்கும், காலையும் ஓரளவு அசைக்கலாம். அப்படியும் முதல் தடவை நிற்கும்போது முழங்கால் மடங்கும். ஆள் பிடிக்காமல் கழிவறைக்கு விடக் கூடாது. லெவோபூபிவகெய்ன் இரண்டுக்கும் நடுவில்: வேலை பூபிவகெய்ன் போல, இதயத்துக்கு அதைவிட இதம்.

எதை எடுத்தாலும் முதல் 3 மி.லி. சோதனைக்கு: 1.5% லிக்னோகெய்ன், 1:200000 அட்ரினலினோடு. ஒரு நிமிடத்துக்குள் நாடி 20 ஏறினால் கேதீட்டர் இருப்பது ரத்தக்குழாயில். ஐந்து நிமிடத்துக்குள் கால் கனத்தால் தண்டுவட நீரில். பீட்டா பிளாக்கர் (நாடியை மட்டுப்படுத்தும் மாத்திரை) சாப்பிடுபவருக்கு நாடி ஏறாமலே ஏமாற்றலாம். அதனால் மிச்சத்தையும் ஐந்தைந்து மி.லி.யாக, ஒவ்வொரு முறையும் உறிஞ்சிப் பார்த்துத்தான் விட வேண்டும்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கியவருக்கு வார்டில் அடர்த்தியான மருந்து ஓடவிடாதீர்கள். தசைப்பெட்டிக்குள் (தசைகளைச் சுற்றிய இறுக்கமான உறைக்குள்) அழுத்தம் ஏறுவதை அது மூடிமறைத்துவிடும். நன்றாக இருந்தவர் நடுராத்திரியில் வலி என்று கத்தினால் டாப்-அப்புக்குக் கை போகும் முன் கட்டைப் பிரித்துக் கெண்டைக்காலை அழுத்திப் பாருங்கள், கால் விரலை மேலே மடக்கிப் பாருங்கள். அதில் வலி கூடினால் கூப்பிட வேண்டியது எலும்பு சர்ஜனை.