கண்டி ராஜாவின் வேலூரா, சரபோஜியின் தஞ்சாவூரா?

நாட்டை இழந்த ராஜா வாழ்ந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றால், நம் டெல்டாக்காரர்கள் பெரிய கோயிலோடு சேர்த்து தஞ்சாவூர் அரண்மனைக்குத்தான் போவார்கள். தப்பில்லை. 1799 ஒப்பந்தத்தில் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கொடுத்த இரண்டாம் சரபோஜிக்குக் கோட்டைதான் மிஞ்சியது, ஆனால் அந்த மனிதர் சும்மா உட்காரவில்லை, சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தார், கண் நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகளை, நோயுற்ற கண்ணைப் படமாக வரைந்தே எழுதி வைக்கச் செய்தார், அந்த ஏடுகள் இன்னும் அங்கே இருக்கின்றன.

வேலூர் வேறு மாதிரி. இலங்கையின் கண்டியை ஆண்ட கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815-இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, அடுத்த வருஷம் குடும்பத்தோடு கடல் தாண்டி வேலூர்க் கோட்டைக்கு வந்தவர், திரும்பிப் போகவே இல்லை. கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தில் அவர் விளையாடிய தந்தச் சதுரங்கப் பலகையைப் பாருங்கள், எனக்கு மனசு கனத்துவிட்டது. அப்புறம் பாலாற்றங்கரை முத்து மண்டபம், அவருடைய சமாதி அங்கேதான்.

இருவரும் இறந்தது 1832-இல்.

பார்க்க நிறைய வேண்டும், பிள்ளைகளும் கூட வருகிறார்கள் என்றால் தஞ்சாவூரே சரி. நாடுகடத்தல் என்றால் என்னவென்று உணர வேண்டுமா, தூரம் பார்க்காமல் வேலூருக்கு பஸ் ஏறுங்கள்.