பழைய ஹெச்61 மதர்போர்டு: புராசஸரை மட்டும் மாற்றுவதா, போர்டையே மாற்றுவதா?

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் இந்த போர்டில் இன்டெல் ஐ3-2100 புராசஸர் போட்ட கணினி வைத்திருப்பவர்கள் கேட்பது இதுதான்: அதே போர்டில் பழைய இன்டெல் ஐ7-3770 சிப் (புராசஸர்) போடலாமா, போர்டையும் மாற்றி ஏஎம்டி ரைசன் 5 5600ஜி-க்குப் போகலாமா?

செலவு: 3770-க்கு சிப் மட்டும் வாங்கினால் போதும். ரைசனுக்கு ஏஎம்4 சாக்கெட் (சிப் உட்காரும் இடம்) உள்ள போர்டு, டிடிஆர்4 ராம் எல்லாம் புதிதாக வேண்டும்.

பொருத்தம்: 3770-க்கும் அதே 1155 சாக்கெட்தான். ஆனால் பழைய சிப் இருக்கும்போதே பயாஸை (கணினியைத் தொடங்கிவைக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் திரையே வராமல் போகலாம். மலிவு என்று இன்டெல் நான்காம் தலைமுறை சிப்பை வாங்காதீர்கள். அதன் சாக்கெட் 1150, உட்காரவே உட்காராது.

ஆயுள்: விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரிக்கும் சிப்களின் பட்டியலில் 3770 இல்லை, 5600ஜி உண்டு.

பிள்ளைகளின் படிப்புக்கு 3770 போதும், அப்புறம் கட்டாயம் ஒரு எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்). கடைக் கணக்கு, வங்கி வேலை, வீடியோ எடிட்டிங் என்றால் ரைசன்தான்.