சிலிக்கனா, முதுகுச் சதையா, துணிப் பையா?

தேயிலைக் கொழுந்து எடுக்கும் சின்னம்மாவுக்கு மார்பில் புற்றுநோய்; இடது மார்பை எடுக்க நாள் குறித்தாயிற்று. "திரும்ப மார்பு வைப்பது பற்றி யோசித்தீர்களா?" என்று டாக்டர் கேட்டார். சின்னம்மா என் பக்கம் குனிந்து, "கூடை தூக்கலாமான்னு கேளு புள்ள" என்றார். அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் அந்தக் கேள்வியை வைத்துத்தான் எடை போட்டேன்.

மார்புக்குள் சிலிக்கன் பை வைப்பதில் உடம்பில் வேறெங்கும் வெட்டு இல்லை. அது பெரிய லாபம். ஆனால் பலருக்கு முதலில் ஒரு வெறும் பையை வைத்து, சில வாரங்களாக உப்புநீர் ஏற்றித் தோலை இழுத்து, அப்புறம் இன்னொரு அறுவையில் சிலிக்கனை மாற்றி வைப்பார்கள். இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவையிலிருந்து கண்டிக்கு எத்தனை பயணம்! ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் கூலி, போகும். கதிர் சிகிச்சையும் சேர்ந்தால், சிலிக்கனைச் சுற்றி உடம்பே கட்டும் உறை இறுகிக் கல்லாகி வலிக்கும் வாய்ப்பு கூடும். ஆயுள் முழுக்க வருவதுமில்லை. கசிந்தாலும் வெளியே தெரியாமல் போகலாம் என்பதால் அவ்வப்போது ஸ்கேன் வேண்டும். சிலிக்கன் பையின் மேல்பரப்பு மழமழப்பானதா, சொரசொரப்பானதா என்றும் கேளுங்கள். அபூர்வமான ஒரு நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்பு தெரிந்ததால், சொரசொரப்பு வகை ஒன்றை அலர்கன் நிறுவனம் 2019இல் உலகெங்கும் திரும்பப் பெற்றது.

முதுகுச் சதையை அக்குள் வழியே முன்னால் திருப்பி வைப்பது இன்னொரு முறை. சொந்தச் சதை, கதிர் சிகிச்சையையும் நன்றாகத் தாங்கும். ஆபீஸ் வேலைக்காரருக்கு நானே சிபாரிசு செய்வேன். கொழுந்து எடுப்பவருக்கு மாட்டேன். தழும்பு விழுவது கூடை உரசும் இடத்தில். தோள் பலமும் கொஞ்சம் குறையலாம். வயிற்றுச் சதை வைப்பது மணிக்கணக்கான நுண் அறுவை. சின்னம்மாவின் ஒட்டிய வயிற்றில் அதற்குச் சதையே இல்லை.

மிஞ்சியது, மார்பு இருந்த இடத்தில் உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் துணிப் பை. பஞ்சு மட்டும் அடைத்தால் குனிந்து நிமிர்வதற்குள் கழுத்துக்கு ஏறிவிடுகிறது. சின்னம்மா அடியில் ஒரு பிடி பாசிமணி வைத்துத் தைத்தார், நின்றது.

அதே வார்டில் இருந்த இளம் டீச்சர் சிலிக்கன் வைத்துக்கொண்டார். கதிர் தேவைப்படவில்லை, பள்ளிக்கூடம் பக்கத்திலேயே. அவருக்கு அதுதான் சரி. சின்னம்மாவுக்குக் கதவு மூடிவிடவில்லை, வருடங்கள் கழித்தும் செய்யலாம் என்றார் டாக்டர். கூடையைப் பற்றிக் கேட்டதற்கு, "முதலில் கை வீங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். அக்குளில் நெறிகட்டிகளையும் (நிணநீர் முடிச்சுகள்) எடுத்திருந்ததால் அந்தப் பக்கத்துக் கை வீங்கக்கூடும்.

இப்போது இரண்டாவது பையும் தைத்தாகிவிட்டது. மழைக்காலத்தில் லயத்துக் (தோட்டத்து வரிசை வீடு) கொடியில் ஒன்று காய மூன்று நாள் பிடிக்கிறது.